ஒன்றும் ஒன்றும்

ஆர்யெப்லூக்கில் ஏரி உறைந்ததும்
அதன்மேல் கார்களை வழுக்கவிடுவார்கள்,
பிரேக் பிடிக்கிறதா பார்க்க.
மைனஸ் முப்பத்தொன்று.
மூன்றாம் நாளும் அந்தச் சாம்பல் வண்டி
ஒரு கணம், ஒரே கணம்,
பிரேக்கை மறந்தது.

பின்சீட்டைக் கழற்றிய இடத்தில்
ஹில்லெவி. மடியில் கணினி,
முழங்கால்களுக்கிடையில் ஃப்ளாஸ்க்.
பிரேக்கை ஆளும் சில்லிலிருந்து
ஒரு பட்டைக் கேபிள் வருகிறது.
தான் போகும் வழியையெல்லாம்
சில்லு அதில் சொல்லிக்கொண்டே ஓடுகிறது,
கேட்பவர் முகம் பாராமல்.

சிக்கனமான பேச்சு.
முழு முகவரியை எப்போதாவதுதான் சொல்லும்.
போன திருப்பத்துக்கும் இந்தத் திருப்பத்துக்கும்
என்ன வித்தியாசமோ அதை மட்டும்.
முன்னால் நிற்கும் பூஜ்யங்களை உதறிவிடும்.
அதனால் ஒரு சொல் குட்டையாகவும் வரும்,
நெட்டையாகவும் வரும்.
தான் எங்கே முடிகிறோம் என்று
சொல்லுக்கே தெரியாது.

அதற்குத்தான் ஓரத்தில் இரண்டு கம்பிகள்.
சேதியில் ஓர் எழுத்தையும் அவை சுமப்பதில்லை.
இரண்டிலும் பூஜ்யம்: பேசிக்கொண்டிருக்கிறேன்.
பூஜ்யமும் ஒன்றும்: இந்தத் துண்டு முடிந்தது,
மீதி வருகிறது.
ஒன்றும் ஒன்றும்: அவ்வளவுதான்.
அதன் பிறகும் ஒன்றும் ஒன்றுமே என்றால்
பேச ஒன்றுமில்லை.

பிர்னோவிலிருந்து வந்திருக்கும் ராதோவான்
மூன்று இரவாகத் திரையைக் குத்திக் காட்டுகிறான்.
"பார், இந்த முகவரியில் நினைவகமே கிடையாது.
இல்லாத தெருவுக்குப் போயிருக்கிறது உன் நிரல்."
இரண்டு தடவை மாற்றி எழுதிவிட்டாள்.
இல்லாத தெரு
அங்கேயேதான் இருந்தது.

ஏரி நடுவில் பனிக்காவலன் யோவ்னா
துளையிட்டுத் தடிமன் அளக்கிறான்.
வாக்கிடாக்கியில் அவன் குரல்:
"மேற்குத் தடம், அறுபத்திரண்டு சென்டிமீட்டர். கொம்."
கொம் என்றால், இனி நீ பேசு.
க்ளார்ட் ஸ்லூட் என்றால், முடிந்தது, போகிறேன்.
இரண்டில் ஒன்று இல்லாமல்
யோவ்னா வாயை மூடியதேயில்லை.

அன்று மதியம்,
"கிழக்குத் தடத்தில் ஒரு..."
உடனே குன்வோரின் குரல், பட்டறை வாசலிலிருந்து:
"லாரி கீழே இறங்குகிறது. கொம்."

கிழக்குத் தடத்தில் ஒரு லாரி கீழே இறங்குகிறது.
ஒருவன் கயிற்றை எடுத்தான்.
ஒருத்தி கையுறை போடாமல் வெளியே ஓடினாள்.
நாலு நிமிடம்.
குன்வோர் டீசல் லாரியைச் சரிவில் இறக்கிப்
பட்டறைக்குள் நிறுத்திவிட்டு வந்து,
ஏன் எல்லோரும் நிற்கிறீர்கள் என்றாள்.
யோவ்னா ஸ்கூட்டரில் வந்தான்:
பாட்டரி செத்துவிட்டது, கிழக்கே ஒரு விரிசல், சின்னது,
காப்பி இருக்கிறதா?

ஹில்லெவி கோப்பையைத் தரவில்லை.
காருக்கு ஓடினாள்.
ஓரத்துக் கம்பிகளில் அலைகாட்டியை மாட்டினாள்.

குளிரில் செருகியின் ஒரு கால்
மயிரிழை சுருங்கியிருந்தது.
சில்லு 'அவ்வளவுதான்' என்றபோது
இங்கே 'மீதி வருகிறது' என்று கேட்டிருக்கிறது.
புள்ளி உதிர்ந்த மெய்யெழுத்து
வேறு சொல்லாகிவிடுவது போல
இரண்டு நல்ல சேதிகள் ஒட்டிக்கொண்டு
ஒரு பொய்.
வித்தியாசத்தின் மேல் வித்தியாசமாக
அதற்குப் பின் வந்ததெல்லாம் பிசகு,
அடுத்த முழு முகவரி வரும்வரை.

ராதோவான் செருகியை மாற்றினான்.
மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை,
தன் சாக்லேட்டில் பாதியைக் கொடுத்தான்.

நாலாம் நாள் வண்டி மறுபடி பிரேக்கை மறந்தது.
இம்முறை தடம் சுத்தமாக வந்தது,
துண்டு துண்டாய், முடிவு முடிவாய்.
இருக்கிற தெரு.
நானூற்றுப் பதினேழாம் வரி.
அவள் எழுதியதுதான்.

கொஞ்ச நேரம் அவளும் பேசவில்லை,
கம்பிகளும் பேசவில்லை.
ஒன்றும் ஒன்றும். ஒன்றும் ஒன்றும்.

இரவுச் சாப்பாட்டில் யோவ்னா
உப்பைக் கேட்கிறான்.
கேட்டுவிட்டு, ஞாபகமாக,
கொம் என்கிறான்.